டப்பாவில் இருப்பது மருந்து அல்ல, சம்பந்தி

மஞ்சக்குப்பம், கடலூர்
வெள்ளிக்கிழமை காலை

சேசு மரி சூசை

மதிப்பிற்குரிய சம்பந்தி சவரிமுத்து அவர்களுக்கு, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் லூர்துநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவி வியாகுலமேரியும் நலம். உங்கள் மாப்பிள்ளையாகப் போகிற எங்கள் மகன் ஆரோக்கிய ஜெகனும் நலம். இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் மீதிக் கடிதத்தையும் எழுதுகிறேன்.

நேற்று போனில், "பையன் டப்பா டப்பாவா மருந்து சாப்புடுறானாமே. அவனுக்கு என்னான்னு தெரியறவரைக்கும் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க வேணாம் சம்பந்தி" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். பெண்ணைப் பெற்றவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மூன்று ஞாயிறு பூசையில் அறிவிக்க வேண்டிய ஓலை இந்த ஞாயிறே நின்றால் கல்யாணத் தேதி தள்ளிப்போகும், தேதி தள்ளிப்போனால் பையனுக்கு என்ன வியாதி என்று ஊரே முடிவு செய்துவிடும். ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போனில் சொல்லாததற்குக் காரணம், போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள்.

நிச்சயதார்த்தப் படத்தில் தன் வயிறு தனக்கு முன்னால் நிற்பதை ஜெகன் பார்த்துவிட்டான். கல்யாணக் கோட்டுப் போடுவதற்குள் வயிறு குறைய வேண்டும், மார்பு அகல வேண்டும் என்று உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தான். சேர்ந்த வாரமே தவக்காலம் பிறந்தது. ஈஸ்டர்வரை வீட்டில் கோழி, முட்டை எதுவும் நுழையாது என்பது வியாகுலமேரியின் நேர்ச்சை. கறி இல்லாமல் உடம்பு எப்படி ஏறும் என்று யாரோ ஓர் அறிவாளி அவனுக்குச் சொல்லி இரண்டு டப்பாவும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்: சதை போட ஒரு புரோட்டீன் பவுடர், கொழுப்பைக் கரைக்க ஒரு மாத்திரை. யார் என்று எத்தனையோ முறை கேட்டேன், வாய் திறக்கவில்லை. என் வகுப்பாக இருந்தால் அந்த அறிவாளியைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

பவுடர் டப்பா மேல் காளை மாதிரி ஓர் ஆள் படம். உள்ளே இருப்பது மாட்டுக்கறிதான் என்று வியாகுலமேரி முடிவுகட்டி, டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் போய்விட்டாள். அவர் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, பாலிலிருந்து எடுப்பதுதான், பாவமில்லை என்றிருக்கிறார். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல சத்து என்றும் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார். போன புனித வெள்ளியன்று கோயிலில் கஞ்சி ஊற்றும் முறை எங்கள் தெருவுக்கு வந்தது. இவள் தேங்காய்ப்பாலோடு அந்த டப்பாவையும் அண்டாவில் கவிழ்த்துவிட்டாள். பவுடர் சாக்லேட் வாசனை. ஆண்டவர் மரித்த நாளில் கஞ்சி பழுப்பு நிறத்தில் மணக்கிறது. துக்க நாள் என்றும் பாராமல், ஒருசந்தி நோன்பு இருந்தவர்கள்கூட இரண்டாவது முறை வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் உங்கள் தங்கை தமிழ்ச்செல்வியும் இருந்தார். இது என்ன கஞ்சி என்று கேட்டிருக்கிறார். "எங்க ஜெகன் தெனம் சாப்புடுற பொடிதான்" என்று இவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவர் கடலூரில் பஸ் ஏறும்போது பொடியாக இருந்தது ஆலப்பாக்கத்தில் மருந்தாகி, உங்கள் சிதம்பரத்தில் இறங்கும்போது வியாதியாகிவிட்டது. தமிழ்ச்செல்வியைக் குறை சொல்ல மாட்டேன். வழியில் ஏறியவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள்.

ஜெகனின் கை நடுங்கியது என்றும் யாராவது சொல்லியிருந்தால், அது உண்மை. அது அந்த மாத்திரையால். மேலே ஒட்டியிருந்ததைப் படித்தேன், பாதிக்கு மேல் காப்பியில் இருக்கும் சரக்கு. படபடப்பும் தூக்கமின்மையும் வந்து, கூப்பிட்டால் துள்ளி எழுந்தான். டாக்டரிடம் காட்டினோம். அவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார், நிறுத்தியதும் நடுக்கமும் நின்றது. உடம்பில் வேறொன்றும் இல்லை என்று அவர் சொன்னதை நீங்களே அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இவற்றால் பயன் உண்டா என்றால் உதாரணத்தோடு சொல்கிறேன். கொழுப்பு என்பது வீராணம் ஏரி மாதிரி. மட்டம் குறைய வேண்டுமென்றால் வரத்தைக் குறைக்க வேண்டும், மதகைத் திறக்க வேண்டும். அதாவது அளவாகச் சாப்பிட்டு உடம்பை அசைக்க வேண்டும். கரையில் நின்று ஒரு மாத்திரையை ஏரிக்குள் எறிந்தால் மட்டம் இறங்குமா? சதை என்பது சுவர். முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாம் செங்கல். டப்பாவில் வருவதும் செங்கல்தான், சூளைதான் வேறு. வீட்டில் செங்கல் போதாதவர்களுக்கு அது உதவும். ஆனால் செங்கலை இறக்கிவைத்தால் சுவர் தானாக எழும்பாது, கொத்தனார் வேண்டும். உடற்பயிற்சிதான் கொத்தனார். நம் பையனிடம் செங்கல் லாரி லாரியாக இருந்தது, கொத்தனார் வாரத்தில் பாதி நாள் லீவு.

இதற்கு உங்களைவிட நல்ல உதாரணம் இல்லை. போன மாதம், "முன்ன மாதிரி இல்ல சம்பந்தி, அரிசி மண்டியில நானே மூட்டை பெரட்டுறேன்" என்றீர்கள். எப்படி என்றதற்கு, காலையில் மகள் கலக்கித் தரும் சத்துமாவுப் பால், பிறகு ஒரு நடை என்றீர்கள். டப்பா உண்டா, மாத்திரை உண்டா? வீட்டுச் சத்துமாவும் நடையும் செய்வதைத்தான் டப்பாக்காரன் தன் பொடி செய்ததாகப் படம் போடுகிறான். உங்களைச் சொல்லித்தான் ஜெகனைத் தினமும் திட்டுகிறேன்.

இப்போது இரண்டு டப்பாவும் வீட்டில் இல்லை. ஒன்றை ஊரே குடித்துவிட்டது, மற்றதை நானே கொட்டிவிட்டேன். எனவே மனம் இரங்கி ஓலையை வாசிக்கச் சொல்லுங்கள். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம், மருமகள் மேரி ஷாலினிக்கு எங்கள் ஆசி. அன்னையின் அருள் உங்கள் இல்லத்திலும் மண்டியிலும் நிறைந்திருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
லூர்துநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை உங்களிடம் நேரில் கொடுக்க ஜெகன் பஸ்ஸுக்குக் கிளம்பினான். ஒட்டுவதற்கு முன் பிழை பார்க்கச் சொன்னேன். பெஞ்சு மேல் ஏற்றும் இடம் வந்ததும் முகம் மாறி, ஷாலினிக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டான். மருமகள் சொன்னது: "மாமா, ரெண்டு டப்பாவும் நான்தான் வாங்கிக் குடுத்தேன். நானும் ஜிம்முக்குப் போறேன், எனக்கும் பவுடர் உண்டு. மாத்திரை தப்புதான், ஒத்துக்கறேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவுரு முட்டையும் தொடமாட்டாரு, பருப்பும் தொடமாட்டாரு. அதனால சத்துமாவுல தெனம் ஒரு கரண்டி அந்தப் பவுடரைத்தான் கலக்கித் தர்றேன்."

சொல்ல வேண்டாம் என்றுதான் கேட்டாள். ஆனால் மேலே உங்களை உதாரணமாக எழுதிவிட்டேனே. தவறான விடையை அழிக்காதே, கீழே சரியானதை எழுது என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். நீங்கள் மூட்டை புரட்டுவது பொடியாலா, நடையாலா என்று எனக்கு இப்போது தெரியாது. ஒரே ஒரு சம்பந்தியை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. குழந்தையைத் திட்டாதீர்கள், பாலையும் நிறுத்தாதீர்கள். மற்றபடி, டப்பாப் பொடி சாப்பிடுவது வியாதிதான் என்று இன்னும் நினைத்தால், மாப்பிள்ளைக்கு, பெண்ணுக்கு, பெண்ணின் அப்பாவுக்கு என்று மூவருக்கும் அதே வியாதி. இதைவிடப் பொருத்தமான சம்பந்தம் உங்களுக்கு அமையாது.