கெண்டைக்கால் வீரர்

கெண்டைக்கால் வீரரை உங்களுக்குத் தெரியும். இந்தப் பெயரில் தெரியாது, அவ்வளவுதான். கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற ஓட்டமும் இல்லாமல், ஊரையே சுற்றி வருகிற ஓட்டமும் இல்லாமல், நடுத்தரமாக இரண்டு சுற்று, நாலு சுற்று என்று ஓடுகிறார்களே, அந்தக் கூட்டத்தில் இந்த ரகம் நன்றாக விளையும். ஆள் பிரமாதமாக ஓடுவார். யாரை வேண்டுமானாலும் ஜெயிப்பார், ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவரிடம் தோற்றுப்போவார் என்று நினைத்துவிடாதீர்கள். அவரோடு ஓடவே மாட்டார்.

நம்முடைய வீரருக்குப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் மின்னல். மரியாதை கருதி நாம் மின்னலார் என்போம். அவர் யாரோடு ஓடமாட்டாரோ அவருக்கு அதே பத்திரிகைக்காரர்கள் புயல் என்று பெயர் வைத்திருந்தார்கள். வானத்தில் மின்னலும் புயலும் சேர்ந்து வருவதுண்டு. மைதானத்தில் ஆறு வருடமாக வந்ததில்லை. மின்னலார் கிழக்கே ஒரு போட்டிக்குப் போனால் புயலார் அதே தேதியில் மேற்கே இருப்பார். தேசியப் போட்டியில் ஒருவர் எண்ணூறு மீட்டருக்குப் பெயர் கொடுத்தால் மற்றவர் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கொடுப்பார். அடுத்த வருடம் மாற்றிக்கொள்வார்கள், ஒரே சமையலறையை முறை வைத்துப் பங்கிடும் இரண்டு மருமகள்களைப் போல. இரண்டு பேர் வீட்டிலும் தங்கப் பதக்கம் தொங்கியது. இரண்டு பேரையும் "நாட்டின் முதல் ஓட்டக்காரர்" என்றே மேடைகளில் அழைத்தார்கள். யாருக்கும் நஷ்டமில்லை பாருங்கள்.

இந்த ரகத்துக்கென்று சில சடங்குகள் உண்டு. போட்டியில் கலந்துகொள்பவர்கள் பட்டியல் வந்ததும் நீங்களும் நானும் நம் பெயரைத்தான் முதலில் தேடுவோம். மின்னலார் புயலாரின் பெயரைத் தேடுவார். அது இல்லை என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு, "அடடா, அவர் வரலியா? ரொம்ப எதிர்பார்த்தேனே!" என்பார். பிறகு, வேகம் பிடித்துக் கொடுத்துத் தனக்கு முன்னால் ஓட ஒருவரையும், தன் பின்னால் அடக்கமாக ஓடி வர ஏழெட்டுப் பேரையும் வைத்துக்கொண்டு அற்புதமாக ஓடி ஜெயித்து, கொடியைப் போர்த்திக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூச்சு வாங்க ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்வார்: "எனக்கு நான்தான் சார் போட்டி. கடிகாரத்தோடதான் என் சண்டை." கடிகாரம் என்ன செய்யும்? திருப்பிப் பேசவா போகிறது?

முதல்நிலை வீரர்கள் தங்களுக்குள் வருடத்துக்கு எத்தனை முறை மோத வேண்டும்? இந்தக் கேள்வியை நிருபர்கள் கேட்கும்போதெல்லாம் மின்னலாரின் பயிற்சியாளர் முந்திக்கொண்டு பதில் சொல்வார். அவர் ஒரு தத்துவவாதி. கழுத்தில் விசில் தொங்குவதால் பார்க்கத் தெரியாது. "அடிக்கடி மோதினா மோதலுக்கு மதிப்பு இருக்காது. ரெண்டு பேரும் எப்ப உச்சத்துல இருக்காங்களோ அப்ப ஒரே ஒரு தடவ மோதணும்." எப்போது உச்சம்? "அதத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்." மின்னலாருக்கு முடிவெட்டுகிற கடைக்காரருக்கு இது பிடிக்காது. வாரம் ஒருமுறை இரண்டு பேரையும் ஓட விட வேண்டும், அப்போதுதான் ஜனங்களுக்குச் சுவாரசியம் என்று கத்தரிக்கோலைக் காதருகே ஆட்டிக்கொண்டு சொல்வார். அதே தெருவில் புதிதாக ஒரு முடிவெட்டும் கடை வந்ததிலிருந்து, அதன் வாசலைத் தாண்ட நேரும்போதெல்லாம் அவர் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். அதை நாம் கேட்கக்கூடாது.

வீட்டில் இந்த விவாதம் வேறு மாதிரி நடக்கும். மின்னலாரின் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வியூகம், உச்சம் போன்ற வார்த்தைகள் அவளிடம் செல்லாது.

"ஏங்க, உங்களுக்கு அவரப் பாத்தா பயமா?"

"பயமா? எனக்கா? இது வியூகம்மா."

"அந்த வியூகத்த ஒருநாள் ஓடித் தொலச்சிட்டு வந்து நிம்மதியாத் தூங்குங்க. விடிய விடிய நீங்க பொரள்றதுல எனக்குத் தூக்கம் போகுது."

மகளுக்கு ஏழு வயது. அவளும் கேட்டாள். "அப்பா, நீ அந்த மாமாகிட்ட தோத்திருக்கியா?"

"ஒரு தடவகூடத் தோத்ததில்ல கண்ணு!" என்றார் மின்னலார். அப்பழுக்கில்லாத உண்மை. சொல்லிவிட்டு அவர் எழுந்து போய் ஜன்னலை மூடினார், காற்றே அடிக்கவில்லை.

ஏன் என்றால், அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். வயது முப்பத்திரண்டு முடியப் போகிறது, இந்த வருடத்தோடு ஓட்டம் போதும் என்று முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு அரசாங்கம் விளையாட்டு வீரர் என்று கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து கோப்புப் புரட்ட வேண்டியதுதான். அதற்குள் ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அவரா, நானா? இது தெரியாமல் எப்படிச் சாவது என்று மனசு ஒரு பக்கம் அடித்துக்கொள்ளும். தெரிந்துவிட்டால் எப்படி வாழ்வது என்று இன்னொரு பக்கம் அடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் மனிதர் கொஞ்சம் பாவம்தான்.

இப்படி இருக்கையில், வருடத்தின் கடைசிப் போட்டி வந்தது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். அமைப்பாளர்கள் பலே ஆசாமிகள். இரண்டு பயிற்சியாளர்களிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இருவரும் எப்படிச் சம்மதித்தார்கள் என்கிறீர்களா? 'எப்படியும் அவன் வரமாட்டான்' என்ற தைரியத்தில் இவர் போட்டார். அதே தைரியத்தில் அவரும் போட்டார். சுவரெங்கும் சுவரொட்டி ஒட்டியாயிற்று. 'மின்னலும் புயலும்! முதன்முறையாக!' புயலார் விலகிவிட்ட செய்திக்காக ஒவ்வொரு நாளும் மின்னலார் பத்திரிகையைப் புரட்டினார். வரவில்லை. போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வேறு வழியில்லாமல் அவருடைய கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

ஏன் கெண்டைக்கால்? தலைவலி என்றால் சிரிப்பார்கள், முழங்கால் என்றால் படம் எடுத்துப் பார்ப்பார்கள். கெண்டைக்கால் சதையில் 'ஒரு மாதிரி இறுக்கம்' என்றால் எந்த இயந்திரத்தாலும் அதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது. நெருக்கடியில் கைகொடுக்கிற கால் அது.

ஆனால் அமைப்பாளர்கள் பலே ஆசாமிகள் என்று சொன்னேன் அல்லவா? கடைசி நேரத்தில் விலகுகிறவர்கள், தாங்கள் குறிப்பிடும் பிசியோதெரபி நிலையத்தில் காலைக் காட்டி ஒரு கடிதம் வாங்கி வர வேண்டும் என்று விதி போட்டிருந்தார்கள். பயிற்சியாளர் மாலை நாலு மணிக்கு மின்னலாரைத் தன் காரில் கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டார். "வரும்போது ஆட்டோ புடிச்சு வந்துடுங்க தம்பி. வலது கால். மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீளமான அறை. தைல வாசனை. நடுவில் பச்சைத் திரை போட்டு இரண்டு கட்டில்கள். பிசியோ அம்மாள் நடுத்தர வயதுக்காரர், கையில் வலு உள்ளவர். மின்னலாரைக் குப்புறப் படுக்கச் சொன்னார்.

"இங்க வலிக்குதா?"

"ஆமாங்க."

"இங்க?"

"ஐயோ, அங்கதாங்க."

"நான் இன்னும் கையே வைக்கல."

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

"உங்களுக்கு என்ன?"

"கெண்டைக்கால்."

"உங்களுக்குமா! எந்தக் கால்?"

"பக்கத்துல இருக்கறவருக்கு எந்தக் காலுங்க?"

"வலது."

"அப்ப எனக்கு இடது."

மின்னலாருக்கு அந்தக் குரல் தெரியும். தொலைக்காட்சியில் நூறு முறை கேட்ட குரல். குப்புறப் படுத்தபடியே தலையைத் தொங்கப்போட்டுத் திரைக்கு அடியில் பார்த்தார். நீளமான காலணிகள் இரண்டு, வாசலைப் பார்த்து ஓடத் தயாராக வைக்கப்பட்டிருந்தன. ஆறு வருடம் ஒரே தொடக்கக் கோட்டில் நிற்காதவர்கள் இப்போது ஒரு திரையின் இரு பக்கமும் மல்லாக்கவும் குப்புறவுமாகக் கிடந்தார்கள்.

அம்மாள் இரண்டு கடிதங்களையும் எழுதினார். "பொய் எழுத எனக்கு வராது. நீங்க சொன்னத எழுதியிருக்கேன்" என்று நீட்டினார். 'கெண்டைக்காலில் வலி இருப்பதாக இவர் சொல்கிறார்' என்று ஒரே ஒரு வரி இருந்தது.

வாசலில் இருவரும் சேர்ந்துதான் இறங்க வேண்டியிருந்தது. மின்னலார் வலது காலை நொண்டினார், புயலார் இடது காலை நொண்டினார். "சவுக்கியமா?" என்றார் இவர். "இருக்கேன். நீங்க?" என்றார் அவர். அதற்குமேல் என்ன பேசுவது? சாலையில் ஒரு ஆட்டோவையும் காணோம். அந்த நேரம் பார்த்து மின்னலாரின் மனைவி போனில் கூப்பிட்டாள். "ஏங்க, ஆறு மணிக்கு எனக்கு டியூட்டி. நீங்க வந்தாத்தான் நான் புள்ளைய விட்டுட்டுப் போக முடியும். எங்க இருக்கீங்க?"

நேரான சாலையின் அந்தக் கோடியில், நிறுத்தத்தில் ஒரு பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. அதை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான். புயலாரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் நொண்டினார்கள். கொஞ்சம் வேகமாக நொண்டினார்கள். உலகத்திலேயே அவ்வளவு வேகமாக யாரும் நொண்டியிருக்கமாட்டார்கள். பதற்றத்தில் மின்னலார் இடது காலுக்கு மாறிவிட்டார். புயலாருக்கு இரண்டு காலும் வலித்தது. கண்டக்டர் விசில் அடித்தார். பேருந்து நகர்ந்தது.

யார் முதலில் ஓடியது என்று இன்றுவரை இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஓடினார்கள், அதுதான் விஷயம். புயலார் நீளக் கால்களை வீசி முன்னே போக, மின்னலார் அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, ஆறு வருடமாகக் கனவில் மட்டும் பார்த்த அந்த முதுகை இத்தனை கிட்டத்தில் பார்த்துக்கொண்டு, காற்றை அவர் கிழிக்க இவர் சுகமாக ஓடி, காய்கறி வண்டியை இவர் இடப்பக்கமும் அவர் வலப்பக்கமுமாகச் சுற்றி, திருப்பத்தில் பேருந்து வேகம் குறைந்ததும் மின்னலார் தன் புகழ்பெற்ற கடைசிப் பாய்ச்சலை அவிழ்த்துவிட்டார். தோளும் தோளும் உரசின. கொடி இல்லை, கூட்டம் இல்லை, கடிகாரமும் இல்லை. பின்படிக் கம்பியை நோக்கி இரண்டு கைகள் நீண்டன.

புயலாரின் கைதான் முதலில் பட்டது.

ஒரு சாண் வித்தியாசம். மின்னலாருக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. நிஜமான வலி. தோற்றுவிட்டோம், அவர்தான், நாம் இல்லை. வானம் இடிந்து விழும் என்று ஆறு வருடமாக எதிர்பார்த்தார். விழவில்லை. அதற்குப் பதில் நீளமான ஒரு கை கீழே வந்து அவரைப் படியில் தூக்கிவிட்டது. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். யார் முதலில் சிரித்தது என்பதிலும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

கண்டக்டர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு பேரும் நல்லாத்தான் ஓடறீங்க. இந்தப் போட்டி கீட்டில எல்லாம் கலந்துக்கலாம்ல?" என்றபடி டிக்கெட்டைக் கிழித்தார்.

மின்னலாருக்கு உடம்பெல்லாம் ஒரு புது வெறி. "சார், இன்னும் பத்தடி இருந்திருந்தா உங்களப் புடிச்சிருப்பேன். நாளன்னிக்கு வாங்க. ரெண்டு பேரும் இந்தக் கடுதாசியக் கிழிச்சிப் போட்டுட்டு நல்லா ஓடிப் பாத்துடலாம்!"

புயலார் வியர்வையைத் துடைத்தார். அவர் முகத்தில், மின்னலார் தினமும் கண்ணாடியில் பார்க்கிற ஒரு பார்வை வந்து உட்கார்ந்தது. "இல்ல சார்" என்றார் மெதுவாக. "ஜெயிச்சாச்சு. எதுக்குக் கெடுத்துக்கணும்?" கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தார். தன் நிறுத்தம் வந்ததும், இடது காலை நொண்டியபடி இறங்கிப் போனார்.

போட்டியன்று மின்னலார் ஓடினார். பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டதை நான் விவரிக்கவில்லை. ஓடினார், ஜெயித்தார், கூட்டம் கத்தியது. கோட்டைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தார். அடக்கமான ஏழெட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். யாரோ கொண்டுவந்த கொடியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, புல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டார். ஆனந்தக் கண்ணீர் என்று மறுநாள் பத்திரிகையில் போட்டிருந்தது.

இப்போது அவர் ஓடுவதில்லை. நாற்காலியில் இருக்கிறார். மகள் மட்டும் அவ்வப்போது கேட்பாள், "அப்பா, நீ அந்த மாமாகிட்ட தோத்திருக்கியா?"

"ஒரு தடவ" என்பார், பதக்கங்களைக் காட்டும்போதுகூட வராத பெருமையோடு. "பஸ்ஸுக்கு."

நல்ல வேளை, நாமெல்லாம் ஓட்டக்காரர்கள் இல்லை என்று சிரித்துக்கொண்டுதானே இதைப் படித்தீர்கள்? சிரியுங்கள். சதுரங்கத்தில் உங்களை மடக்கக்கூடிய மைத்துனர் வரும் நாளில் பலகை எங்கே போகிறது? பக்கத்து மேசைக்காரர் எழுதும் பதவி உயர்வுத் தேர்வுக்கு உங்களுக்கு மட்டும் ஏன் இன்னும் 'நேரம் வரவில்லை'? சரி, அதெல்லாம் எனக்கெதற்கு? வலியோடு இருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது. ஒன்று மட்டும் சொல்லுங்கள்.

எந்தக் கால்?