மாமா மூன்று முறை சொன்ன ஆமென்

எனக்குத் தெரிந்த லத்தீன் மொத்தம் பதினோரு பாடம். அந்தப் பதினோரு பாடத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே முட்டி போட வைத்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனமாகச் சொல்கிறேன்.

அப்போது பதுளை பஜாரில் ஒரு போன் கடையில் வேலை பார்த்தேன். மழை நாளில் கடைக்கு ஈ, காக்கை வராது. அப்படியொரு மழையில்தான் இலவச லத்தீன் வகுப்பு ஒன்று போனில் அகப்பட்டது. ஒவ்வொரு பாடத்திலும் பாதி வினைச்சொற்கள், மீதிப் பாதி பழைய ரோமாபுரி நகைச்சுவை நாடகக் காட்சி. அமோ, அமாஸ், அமாத். நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான். நம் தமிழைப் போலவே வினையின் வாலைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். இவ்வளவுதானா லத்தீன் என்று நினைத்தேன். (பன்னிரண்டாம் பாடத்தைத் திறந்தவுடன் அந்த நினைப்பு போய்விட்டது.)

நாடகங்கள் இன்னும் பிடித்திருந்தன. ஒரு கஞ்சக் கிழவன், அவனுக்கு ஒரு மகள், அவளை விரும்பும் உருப்படாத வாலிபன், கிழவனை ஏமாற்றி இருவரையும் சேர்த்துவைக்கும் வாலிபன் வீட்டு வேலைக்காரன். இதெல்லாம் ரோமாபுரியில் நடப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் நடப்பதாகத்தான் தோன்றியது.

காரணம் ஸ்டெல்லா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணனான, அந்தத் தோட்டத்துச் சூசை மாமாவின் மகள். எங்கள் இருவருக்கும் விருப்பம். மாமாவுக்குத்தான் கவர்மெண்ட் மாப்பிள்ளை வேண்டும். "போன் கடையில நிக்கிறவனுக்கா எம்மகள கட்டிக் குடுக்கிறது?" என்று அம்மாவிடம் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அம்மா விடுவாரா? "எம்மகன் லத்தீன் படிக்கிறான் அண்ணே!" என்று ஒரே போடாகப் போட்டார். மாமா அடங்கிப் போனார். அவருக்கு லத்தீன் என்றால் அவருடைய அப்பா காலத்தில் கோயிலில் லத்தீனிலேயே நடந்த பூசை. (எங்கள் ஆட்களுக்கு அது ஒரு மொழியே அல்ல, தீர்த்தம் மாதிரி. தெளித்தால் போதும், அர்த்தம் யார் கேட்டார்கள்?)

இந்த நிலையில் மாமா தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுப் புது வீட்டுக்குக் குடிபோனார். வீடு மந்திரிக்க ஃபாதரைக் கூப்பிட்டிருந்தார். ஞாயிறு பூசை தவறாத குடும்பம்தான். ஆனாலும் ஃபாதருக்கே நல்ல நேரம் பார்த்துத்தான் சொல்லியிருந்தார். பத்தரைக்குள் ஜெபம் முடிந்து பால் பொங்க வேண்டும். பத்தே கால் ஆகியும் ஃபாதரைக் காணோம். வழியில் மண் சரிந்து ஆட்டோ நிற்கிறதாம்.

"நேரம் போகுது அந்தோணி. நீதான் லத்தீன் படிச்சவனாச்சே, ஒரு ஜெபம் சொல்லு" என்றார் மாமா.

"தமிழ்லயே சொல்லலாமே மாமா."

"தமிழ்ல சொல்ல எங்களுக்குத் தெரியாதா? ஏன், ஒனக்குத் தெரியாதா?"

அடுப்படி வாசலில் நின்ற ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். தெரியாது என்றால் அன்றோடு எங்கள் கதை முடிந்தது. "தெரியும் மாமா" என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் அத்தனை பேரும் முட்டி போட்டுவிட்டார்கள்.

அமோ, அமாஸ், அமாத் என்று பூசை ராகத்தில் இழுத்தேன். "ஆமென்" என்றார் மாமா. அடுத்து, அதே லத்தீனில் பார்க்கிறேன், பார்க்கிறாய், பார்க்கிறான். வருகிறேன், வருகிறாய், வருகிறான். மாமா இன்னும் உருக்கமாக, "ஆமென்." அத்தோடு என் கையிருப்பு தீர்ந்தது. ஆனால் யாரும் எழும்பவில்லை. இவ்வளவு பெரிய வீட்டுக்கு இவ்வளவு சின்ன ஜெபமா என்பது போல அத்தை நிமிர்ந்து பார்த்தார். வேறு வழியில்லாமல் பதினோராம் பாடத்தில் அந்த வேலைக்காரன் பேசும் வசனத்தை எடுத்துவிட்டேன். பாடத்தைப் பார்த்து நடித்துப் பழகிய பழக்கத்தில், கிழவனைச் சொல்லும் இடத்தில் கை தானாக மாமா பக்கம் நீண்டது. ஆசீர்வாதம் என்று நினைத்து மாமா தலையைக் குனிந்து கொடுத்தார். வீடே அதிரும்படி மூன்றாவது ஆமென் சொன்னார்.

வாசலில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. திரும்பினால், சொட்டச் சொட்ட நனைந்த குடையுடன் ஃபாதர். செமினரியில் லத்தீன் படித்த ஃபாதர்!

"ஃபாதர், மருமகன் நல்லா சொன்னானுங்களா?" என்றார் மாமா. (முதல் தடவையாக மருமகன் என்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.)

"உச்சரிப்பு பரவாயில்ல."

"அர்த்தத்தையும் சொல்லுங்களேன் ஃபாதர்."

ஃபாதர் என்னைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த சிலுவையைப் பார்த்தார். பொய் சொல்ல முடியாத இடம். "'இந்த வீட்டுக் கிழவன் சரியான கஞ்சன். அவன் கண்ணுல மண்ணத் தூவி, அவன் மகள எங்க சின்ன எசமானுக்குக் கட்டி வைக்கிறேன் பாரு'ன்னு நாடகத்துல ஒரு வேலைக்காரன் சொல்றான்."

ஸ்டெல்லா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"நா எத்தன தடவ ஆமென் சொன்னேன்?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

"மூணு தடவ. முட்டி போட்டு" என்றார் அத்தை.

பத்தரை தாண்டித்தான் பால் பொங்கியது. மாமா என்னுடன் பேசவில்லை. பஸ் ஏறி வரும் வழியெல்லாம், ஒரு வேலைக்காரனின் வசனத்துக்காக ஸ்டெல்லாவைத் தொலைத்துவிட்டேனே என்று வெந்து போனேன்.

நான்காம் நாள் மாமா கடைக்கு வந்தார். உட்காரவில்லை. "முட்டி போட்டுச் சொன்ன ஆமெனத் திருப்பி வாங்க முடியாதாம். ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன். அம்மாவ வந்து பேசச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அப்படி ஒரு சட்டம் உண்டா என்று நான் இன்றுவரை ஃபாதரிடம் கேட்கவில்லை. கேட்கும் உத்தேசமும் இல்லை.

இப்போது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். கூரை ஒழுக்கை நாளைக்கே அடைக்கிறேன் என்று நான் சத்தியம் செய்தால், "மொதல்ல அர்த்தத்த சொல்லுங்க, பொறகு ஆமென் சொல்றேன்" என்கிறாள் ஸ்டெல்லா. மாமாவோ கோயிலில் எனக்குப் பக்கத்தில்தான் நிற்பார். ஃபாதர் தமிழில்தான் ஜெபம் சொல்கிறார். முடிந்ததும் எல்லோரும் ஆமென் என்பார்கள். மாமா மட்டும் ஒருமுறை என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்.