நாஸுக்கு ஒரு 'ம்' குறைச்சல்

மாத்தளைப் பேய்கள் முன்னேறிவிட்டன. முன்பெல்லாம் புளியமரம், பாழுங்கிணறு என்று கிடந்த ஜென்மங்கள் இப்போது லேப்டாப்பில் குடியிருக்கின்றன. இதைக் கண்டுபிடித்தவர் நெட்வேர்க் சாமி. பூர்வாசிரமப் பெயர் ஜெயக்காந்தன். சீகிரியாவில் த்ரீவீல் ஓட்டி, வெள்ளைக்காரர்களுக்கு இல்லாத குகையையெல்லாம் காட்டியவர். வெள்ளைக்காரன் வராத ஒரு மழைக்காலத்தில் அவருக்கு ஞானம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையானால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் கால் வைக்க இடமிருக்காது. நாவுலயிலிருந்து மிளகாய் விற்ற கையோடு வந்தவர்கள், வில்கமுவவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்கள், நடுவில் கறுப்புக் கோட்டோடு ஒரு சட்டத்தரணி. படித்தவருக்கும் இடம் பிடித்துக் கொடுக்க ஆள் இருந்தது. எல்லார் மடியிலும் ஒரு போனோ லேப்டாப்போ இருக்கும். சாமி அதைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார்.

"உள்ளுக்க ஒருத்தி அழுவுறா" என்பார்.

அழுகிறவளை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? சாமானைச் சிவப்புத் துணியில் சுற்றிச் சாமி கையிலேயே கொடுத்துவிட வேண்டும். அவர் கொண்டுபோய் மகாவலி ஆற்றில் முழுக்கிவிடுவார். தட்சணை தனி.

இந்தச் சாமியிடம்தான் போய் நின்றார் இரத்தினம்மா. அவருடைய மருமகள் ஹம்சிகா, மாத்தளையிலேயே திருகோணமலை வீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். பன்னிரண்டு வருடத்துக் கல்யாணங்கள் அவள் கையில். அவை பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் சிதறிக் கிடந்து, இரண்டு டிஸ்க் சொல்லாமல் செத்துப்போனதும் அவள் விழித்துக்கொண்டாள். வீட்டிலேயே ஒரு சேமிப்புப் பெட்டி செய்தாள். ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு, இரண்டு டிஸ்க். ஒரே படம் இரண்டிலும் பதியும். ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும். எல்லாம் ஒரு றாத்தல் ரொட்டிப் பாண் அளவு மரப்பெட்டிக்குள் அடக்கம். தச்சரிடம் ஒன்று கேட்டதற்கு அவர் அளவு சரிவருமோ என்று இரண்டு பெட்டி அடித்துக் கொடுத்தார்.

முதல் வாரம் பெட்டி 'ம்ம்ம்' என்று முனகியது. ஹம்சிகா பழைய ரப்பர் செருப்பை வெட்டி டிஸ்க்குகளுக்கு அடியில் வைத்தாள். கத்துகிற சின்னக் காற்றாடியைக் கழற்றிவிட்டு, மெதுவாகச் சுற்றும் பெரிய காற்றாடியைப் பூட்டினாள். அதற்குப் பிறகு காதை ஒட்டி வைத்தாலும் சத்தம் இல்லை. பெருமையாக இருந்தது அவளுக்கு.

"இதுக்கு என்னடி பேரு?" என்று கேட்டார் இரத்தினம்மா.

"நாஸ், மாமி. படங்களச் சேத்து வைக்கிற பெட்டிக்கு இங்கிலீஷ்ல அதுதான் பேரு."

மாமி அடுத்த வெள்ளியே சாமி முன்னால் நின்றார்.

"நாஸா!" சாமி துள்ளி எழுந்தார். "ஒரு 'ம்' மட்டுந்தான் தாயே குறையுது. போட்டா நாசம்! அந்த 'ம்' சத்தம் வீட்டுல கேட்டுச்சா?"

மாமிக்கு உடம்பு வேர்த்தது. "ஐயோ, கேட்டுச்சு சாமி! போன கிழமையில இருந்து நின்னுருச்சு."

"நிக்கல. பதுங்குது."

சத்தம் போட்டால் பேய் கத்துகிறது. போடாவிட்டால் பேய் பதுங்குகிறது. இப்படி ஒரு கணக்கு இருந்தால் நானும் பரீட்சையில் பெயிலாகியிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்த மாமி ஒரே பிடியாக நின்றார். பெட்டி போகாவிட்டால் அவர் மகள் வீட்டுக்குப் போகிறார்.

"மாமி, அதுக்குள்ள மாமா இருக்காரு!" என்றாள் ஹம்சிகா.

"அதைத்தானே சாமியும் சொல்றாரு, உள்ளுக்க யாரோ இருக்காங்கன்னு!"

மாமா இருந்தது உண்மை. இறப்பதற்கு முன் ஒரு கல்யாண வீட்டில் எடுத்த நாற்பது விநாடி வீடியோ. அவர் அசைந்து பேசும் படம் உலகத்தில் அது ஒன்றுதான், அது இருப்பதும் அந்தப் பெட்டியில் மட்டும்தான். ஹம்சிகா அழுது பார்த்தாள். பலிக்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, சாமியே வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள். நேரே எதிர்க்கடை லாபிர் நானாவிடம் போய் ஏதோ வாங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வெள்ளி பின்னேரம் நான்கு மணிக்குச் சாமி வந்தார். பின்னால் இருபது பக்தர்கள். வேடிக்கை பார்க்க லாபிர் நானாவும் கடையை விட்டு வந்தார். மேசையில் ஒரே மாதிரி இரண்டு மரப்பெட்டிகள். இரண்டிலும் பச்சை வெளிச்சம்.

"சாமி, ஒண்ணு நாஸ். மத்தது சும்மா பெட்டி. பேய் எதுலன்னு காதால கேட்டுச் சொல்லுங்க. சரியாச் சொன்னா நானே துணியில சுத்தித் தாறேன்" என்றாள் ஹம்சிகா.

"சாமிக்கு இதெல்லாம் ஒரு வேலையா? சொல்லிருங்க சாமி!" என்றது கூட்டம். பக்தர்களே தள்ளிவிட்ட பிறகு எப்படிப் பின்வாங்குவது?

சாமி இடப்பெட்டியில் காதை வைத்தார். சத்தமில்லை. வலப்பெட்டியில் வைத்தார். அங்கும் சத்தமில்லை. சாம்பிராணியை அள்ளிப் போட்டார். புகையில் அவருக்கே மூக்கடைத்தது. அந்த நேரம் வீட்டுப் பூனை மேசையில் ஏறி, வலப்பெட்டியை உரசி உரசி 'மியாவ்' என்றது.

சாமி முகத்தில் உயிர் வந்தது. "பாத்தீங்களா! வாயில்லா ஜீவனுக்குத் தெரியுது! இதுதான் நாஸ்! 'ம்'னு முனகுது, எனக்குக் கேக்குது!" வேப்பிலையால் பெட்டியை விளாசினார். பேயும் சாமியின் வாயாலேயே கீச்சுக்குரலில் பதில் சொன்னது: "போக மாட்டேன்! மூணு தலைமுறைய அழிப்பேன்!" கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

லாபிர் நானா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "தெறங்க மகள், உள்ளுக்க என்ன ஈக்கிண்டு பாப்பம்" என்றார்.

ஹம்சிகா மூடியைக் கழற்றினாள். உள்ளே பற்றரியோடு ஒரு சின்ன பல்ப். பக்கத்தில் அரைக் கிலோ மாசிக் கருவாடு.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமி பெட்டியை மூடப் பார்த்தார். "பேய்... அந்தப் பெட்டியில இருந்து இதுக்குத் தாவிருச்சு."

"நல்லதாப் போச்சு சாமி. அப்ப நாஸ் சுத்தம், வீட்டுலேயே இருக்கட்டும். பேய் புடிச்ச மாசிய நீங்க கொண்டு போங்க. சம்பலுக்கு ஆகும்" என்றாள் ஹம்சிகா.

கூட்டத்தில் நிஷாந்தி என்ற நாவுலப் பெண் முன்னால் வந்தாள். "அப்ப மூணு கிழமைக்கு முந்தி என் மகளோட லேப்டாப்புல அழுதது யாரு?"

சாமி மெல்ல வாசல் பக்கம் நழுவினார். எல்லார் கண்களும் வாசலில் நின்ற அவருடைய த்ரீவீல் பக்கம் போயின. பின் சீட்டுக்குப் பின்னால் சிவப்பு மூட்டைகள். நிஷாந்தி தன்னுடையதை அவிழ்த்தாள். மகாவலியில் மூழ்கிய லேப்டாப்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'நாற்பத்தையாயிரம், சார்ஜரோடு'.

பொலிஸ் வரும்வரை சாமியை மாசிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பூனை காவலுக்கு இருந்தது.

கூட்டம் கலைந்ததும் ஹம்சிகா வீடியோவை டீவியில் போட்டாள். மாமா வடையைக் கடித்துக்கொண்டே, "படம் புடிச்சது போதும், போயிச் சாப்புடு" என்றார். இரத்தினம்மா முந்தானையால் வாயைப் பொத்தினார். "இந்த மனுசனையா நான் ஆத்துல போடப் பாத்தேன்?" என்று அழுதார். எனக்குச் சிரிப்பு நின்று கோபம்தான் வந்தது. ஒருவன் கையில் வேப்பிலை இருந்தால் போதும், கட்டின புருஷனைக்கூடத் துணியில் சுற்றிக் கொடுத்துவிடுவோமா?

ஐயா, அம்மா, ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். இந்தப் பேய்கள் ஏன் விற்றால் காசாகும் சாமானாகவே பார்த்துப் பிடிக்கின்றன? உங்கள் வீட்டு அம்மிக்கல்லில் பேய் ஏறியிருக்கிறது, நானே தோளில் சுமந்து கொண்டுபோகிறேன் என்று ஒரு சாமி சொன்னால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். முதல் தேங்காயை நானே வந்து உடைக்கிறேன்.