என் வலது கையைத் தவிர அனைவரும் நலம்

என்மேல் கோபத்தையும் பாசத்தையும் ஒரே அளவில் வைத்திருக்கும் அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லோரும் நலம், என் வலது கையைத் தவிர. அங்கே அத்தானின் நலத்தையும், அவருடைய முழங்கால்களின் நலத்தையும், உன் காதுகளின் நலத்தையும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன தடவை போனில் நான் "அத்தானுக்கு வயிறு எப்படி?" என்று கேட்டதற்கு, "வயலா? எந்த வயல்? நமக்கு ஏதுடா வயல்?" என்று நீ அரைமணி நேரம் சண்டை போட்டாய். இப்போது சொல்லப்போகும் விஷயம் அப்படிக் கத்திச் சொல்லக்கூடியது அல்ல. "எனக்குக் கை போச்சுக்கா" என்று நான் கத்த, "பை போச்சா? எங்கடா வச்ச?" என்று நீ கத்த, எதிர்வீட்டுக்காரர் காதில் அது விழுந்துவிடும். அவர் எங்கள் பட்டறையில்தான் வண்டி விடுகிறார். மெக்கானிக்குக் கை போய்விட்டது என்று தெரிந்த பிறகு யாராவது வண்டி விடுவார்களா? அதனால்தான் காகிதம். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். பேனா விரலில் நிற்க மாட்டேன் என்கிறது. பெட்ரோல் போகும் ரப்பர் குழாயில் ஒரு துண்டு வெட்டிப் பேனாமேல் மாட்டித் தடியாக்கி, அதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

கை போச்சு என்றதும் நெஞ்சில் அடித்துக்கொள்ளாதே. கை தோளில் இருந்து தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் என்னுடையது மாதிரி இல்லை, யாரோ என்னிடம் கொடுத்துப் பத்திரமாக வைத்திரு என்று சொல்லிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. காலையில் நான் எழுந்த பிறகும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்திருக்கும். உதறினால் எறும்பு ஊரும், இன்னும் உதறினால் தீயில் காட்டியது மாதிரி எரியும். சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் எனக்கு வியர்த்துவிடும். முதலில் ராத்திரி கையை மடக்கிப் படுத்திருப்பேன் என்று நினைத்தேன். பிறகு வயசு என்று நினைத்தேன். பிறகு நினைப்பதையே நிறுத்திவிட்டேன்.

உனக்குத் தெரியும், அடிபடுவது எனக்குப் புதிதல்ல. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்து புறங்கை வெந்திருக்கிறது. விசிறி பெல்ட்டில் சுண்டுவிரல் நுனி போயிருக்கிறது. கட்டைவிரல் நகம் சுத்தியல் பட்டுக் கறுத்து விழுந்து, முளைத்து, மறுபடி கறுத்திருக்கிறது. அதெல்லாம் நியாயமான காயங்கள். வரும்போது சொல்லிக்கொண்டு வரும், ரத்தம் வரும், நான் கத்துவேன், நாலு பேர் ஓடி வருவார்கள், கட்டுப் போடுவார்கள், ஆறிவிடும். இது அப்படி இல்லை. ஒருநாள் ஒரு காரின் அடியில் படுத்து வேலை செய்துவிட்டு வெளியே வந்தேன். பக்கத்தில் வேலை பார்க்கும் வெல்டர் என்னைப் பார்த்து, "யோவ், சிவப்பு பெயிண்ட்ல எங்கய்யா கை வச்ச?" என்றான். பெயிண்ட் இல்லை அக்கா. தகரம் விரலைக் கிழித்து உள்ளங்கை முழுக்க ரத்தம், தரையெல்லாம் ரத்தம், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பயந்தேன். வலித்தால் பயமில்லை, வலிக்காதபோதுதான் பயம் என்பதை இந்த வயதில் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வேலையில் கண்ணுக்குப் பாதி வேலைதான். எஞ்சினுக்குப் பின்னால் ஒரு நட்டு இருக்கும், அங்கே கண் போகாது, விரல்தான் போகும். விரல் தடவிப் பார்த்து, "இது நட்டு, இது வயர், இது சூடு, எடுடா கையை" என்று சொல்லும். இப்போது என் விரல்கள் எதைத் தொட்டாலும் பஞ்சு என்கின்றன. ஸ்பேனர் நழுவி எஞ்சினுக்குள் விழுகிறது. ஒருதடவை வெல்டரின் காலில் விழுந்தது. அவன் ஒற்றைக் காலில் குதித்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கையாலாகாதவன் என்று ஊரில் சும்மா திட்டுவார்களே, அந்த வார்த்தைக்கு இவ்வளவு நேரான அர்த்தம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. பட்டறை முதலாளியம்மாவிடம் எப்படிச் சொல்வது? மருந்துக்கடையில் ஒரு தைலம் வாங்கி, ஒளித்து வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது மணிக்கட்டில் அரக்கித் தேய்த்தேன். அந்தத் தைலத்தால் கை குணமாகவில்லை, பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் கண்தான் கலங்கியது. அவர் காரைப் பழுது பார்த்துவிட்டு ஓட்டிப் பார்த்தபோது தைலம் ஸ்டியரிங் முழுக்க ஒட்டியிருக்கிறது. டீச்சர் அதைப் பிடித்து ஓட்டிக்கொண்டு போய், வழியில் கண்ணைக் கசக்கி, பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது தாரை தாரையாகக் கண்ணீர். யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து ஹெட்மாஸ்டர் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, ஆறுதல் சொல்லி, லீவும் கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் டீச்சர் பட்டறைக்கு வந்து, "மெக்கானிக், என் கார்ல என்னத்த தடவி வச்சீங்க?" என்று கேட்டார். "புது பாலிஷ் டீச்சர்" என்றேன். "அந்தப் பாலிஷ் வேணாம். நான் அழுதா எங்க வீட்டுல அடுத்து யாரு போகப்போறாங்கன்னு பயப்படுறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இதுவரைக்கும் சிரிப்பு. இனிமேல் சொல்வது சிரிப்பு இல்லை.

போன வாரம் அதே டீச்சர் அதே காரை விட்டார். பின்சக்கரத்தைக் கழற்றி பிரேக் பார்த்து மறுபடி மாட்டினேன். ஜாக்கியை இறக்கினேன், சாவியைக் கொடுத்தேன், கை கழுவினேன், திரும்பி வந்தேன், டீச்சர் கிளம்பிப் போய்விட்டார். வீல் ஸ்பேனரை எடுத்துச் சுவரில் மாட்டப் போனபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நட்டு இறுகினால் கை "போதும்" என்று சொல்லும் அக்கா. முழங்கை வரைக்கும் வந்து சொல்லும். அன்றைக்குக் கை அப்படி எதுவும் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. நான்தான் போதும் என்று முடிவு செய்து எழுந்திருக்கிறேன். முடுக்கினேனா, முடுக்கியதாக நினைத்தேனா என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பாலத்திலிருந்து ஒரு பெரிய இறக்கம் இருக்கிறது. அந்த இறக்கத்தில் சக்கரம் மட்டும் தனியாக உருண்டு போகிறதும், அதற்குப் பின்னால் கார் சாய்ந்துகொண்டு போகிறதும், சாலையோரம் பிள்ளைகள் நடந்து போகிறதும் என் கண் முன்னால் ஓடியது.

வெல்டரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். வீல் ஸ்பேனரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். அந்தச் சைக்கிளில் வலது பக்க பிரேக் மட்டும்தான் வேலை செய்யும். என் கைக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பாலத்து இறக்கத்தில் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டு போனேன். செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது. சாலையில் எங்கே கூட்டம் தெரிந்தாலும் எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் பெரிய கூட்டம், போய்ப் பார்த்தால் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

பள்ளிக்கூட வாசலுக்குள் அந்தக் கார் நான்கு சக்கரத்தோடும் நின்றுகொண்டிருந்தது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய், பின்சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, இடது கையால் ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். ஒவ்வொரு நட்டும் கல் மாதிரி இருந்தது. ஒன்றுகூட அசையவில்லை. அதற்குள் வாட்ச்மேன் என் காலரைப் பிடித்துவிட்டார். "பட்டப்பகல்ல சக்கரம் திருடுறியா? அதுவும் பள்ளிக்கூடத்துலயா?" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. டீச்சர் ஓடிவந்து, "விடுங்க, விடுங்க, இவரு நம்ம மெக்கானிக்" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "என்னாச்சு? ஒத்தச் செருப்போட வந்திருக்கீங்க?" என்றார். "ஒண்ணுமில்ல டீச்சர், சும்மா பாத்துட்டுப் போலாம்னு" என்றேன். "யார? சக்கரத்தையா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என் கண்ணை உற்றுப் பார்த்தார். பிறகு, "கண்ணுல அந்தப் பாலிஷ் பட்டுடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தேன். வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தான்.

"அந்த நட்ட நாந்தான் முடுக்கினேன்" என்றான்.

"எப்ப?"

"நீ கை கழுவப் போனப்ப. நீ எப்ப கை கழுவப் போனாலும் நான் ஒரு சுத்து வந்துருவேன்."

"எவ்ளோ நாளா?"

"என் கால்ல ஸ்பேனர போட்டியே, அன்னையிலேர்ந்து."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்கிட்ட சொன்னியா?"

அதோடு விட்டிருந்தால் நான் அழுது முடித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். அவன் விடவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நடுவுல ஒருநாள் எனக்குக் காய்ச்சல்னு நான் வரல, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு நீ விட்ட வண்டியெல்லாம் மறுநாள் வீடு வீடாப் போய்ப் பாத்தேன். ஒரு வண்டில ஒரு நட்டு என் விரலாலயே சுத்துச்சுய்யா. பக்கத்துல அந்த வீட்டுக் கொழந்த உக்காந்து விளையாடிட்டு இருந்துச்சு. எனக்குத் தூக்கம் வரல. இனிமே என்னால முடியாது. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றான். இருபது கிலோ சிலிண்டரை ஒற்றைக் கையில் தூக்குகிறவன், ஒரு கையுறையைக் கழற்ற முடியாமல் நின்றான். நான் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். எந்த வீடு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

நானே போய் முதலாளியம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், விரலால் சுற்றிய நட்டு உட்பட. வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று கதவுப் பக்கமாகவே நின்றுகொண்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டு, "அப்பாடா! நான் நீ குடிக்க ஆரம்பிச்சுட்டன்னுல்ல நெனச்சேன். சாமான கீழ போடுற, கை நடுங்குது, மறைஞ்சு மறைஞ்சு எதையோ எடுக்குற, கிட்ட வந்தா குப்புன்னு ஒரு வாட அடிக்குது" என்றார். அது தைலம் என்றேன். பிறகு அவர் முகம் மாறிவிட்டது. "கை சரியாகுற வரைக்கும் நீ ஒரு நட்டையும் தொடக் கூடாது. தொட்டா நானே உன் கைய ஒடச்சிருவேன்" என்றார். வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை, என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பிடித்தாள். "இது தெரியுதா? இது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தெரியுது தெரியுது என்றேன். கடைசியில், "நான் இன்னும் கிள்ளவே ஆரம்பிக்கல" என்றாள்.

மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு குட்டிச் சுத்தியலால் மணிக்கட்டில் தட்டினார், ஊசியால் குத்தினார், கரண்ட் வைத்துப் பார்த்தார். மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறதாம், அதற்குள் போகும் நரம்பு நசுங்கிக்கிடக்கிறதாம், வருஷக்கணக்காக ஸ்பேனர் முறுக்கியதும் அதிருகிற மெஷினைப் பிடித்ததும்தான் காரணமாக இருக்கும் என்றார். "வயர் நசுங்கியிருக்குங்கறீங்க" என்றேன். "அதேதான்" என்றார். "வயர மாத்திட முடியாதா?" என்றேன். "மாத்த முடியாது. மேல அழுத்திக்கிட்டிருக்கிறத வெட்டி விடலாம். சின்ன ஆபரேஷன்தான்" என்றார். "அப்புறம் பழையபடி ஆயிடுமா டாக்டர்?" என்று கேட்டேன். அதற்கு அவர், "ஆயிடும்னுதான் நெனைக்கிறேன். கொஞ்சம் லேட்டா வந்திருக்கீங்க" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா, ஆயுசு பூராவும் இதே வார்த்தையை நான் வண்டிக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். "ஓடும்னுதான் நெனைக்கிறேன்" என்று நான் சொன்ன வண்டிகளில் பாதி எங்கே நின்றன என்று எனக்குத்தான் தெரியும். இது போதாதென்று, கையை மட்டும்தான் மரக்கவைப்பார்களாம், நான் முழித்துக்கொண்டே இருக்கலாமாம், பேசிக்கொண்டுகூட இருக்கலாமாம். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே அதற்குள் கையை விடுகிற வேலையை நான்கூடச் செய்ததில்லை.

ஆக, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன். எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. ஊரில் எத்தனையோ பேர் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார்களாம். நான் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு இதில் கொஞ்சமும் பயமில்லை. நீ வீணாக மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அத்தானைத் தனியாக விட்டுவிட்டு, பஸ்ஸில் இடுப்பை ஒடித்துக்கொண்டு, கண்டக்டர் ஒன்று சொல்ல நீ ஒன்று கேட்டு நடுவழியில் இறங்கி, அப்படியெல்லாம் கஷ்டப்பட்டு நீ வரவே வேண்டாம். இங்கே அவள் இருக்கிறாள், வெல்டர் இருக்கிறான். எல்லாம் முடிந்ததும் நானே போன் பண்ணிக் கத்துகிறேன். அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகளுக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள், கிடைத்தால் உன் ஆசிகளில் கொஞ்சம் எனக்கும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் கடைசிப் பத்தியை மறுபடி படித்துப் பார்த்தேன். அதில் வெள்ளிக்கிழமை என்பது மட்டும்தான் நிஜம். அவள் ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுவாள். வெல்டர் நானும் கூடவே வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் என்று இன்றைக்குத் திருத்தி விட்டான். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்துகொள்ளலாம் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதம் கிடைத்ததும் கிளம்பி வா. நான் கூப்பிட்டேன் என்று யாரிடமும் சொல்லாதே, நீயாக வந்ததாகச் சொல். நீ எதுவும் பேச வேண்டாம், நான் பேசுவது உனக்குக் கேட்கவும் வேண்டாம். இடது பக்கமாக உட்கார்ந்து என் இடது கையைப் பிடித்துக்கொள். அதில் பிடித்தால்தான் எனக்குத் தெரியும்.