நெகட்டிவ் சாரும் அலறிய வால்வும்

இடிக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பல்லிக்கும் மாமியாருக்கும் பயப்படுகிறவர்களோடு வேலையும் செய்திருக்கிறேன். ஆனால் முன்பின் தெரியாத ஒருவருடைய ஆள்காட்டி விரலுக்குப் பயந்தே வாழ்ந்த மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். நெகட்டிவ் சார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், மில்களுக்கு நீராவி பாய்லர் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே அவர் இணைய விளம்பர வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது இணையத்தில் 'பாய்லர்' என்று தேடினால் எங்கள் விளம்பரம் மேலே வரும். தேடியவர் அதை விரலால் தொட்டுவிட்டால் போச்சு. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எங்கள் பணம் காலி. அதனால் என்னென்ன சொற்களைத் தேடுகிறவர்களுக்கு விளம்பரத்தைக் காட்டவே கூடாது என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர்தான் நெகட்டிவ். மற்ற இடங்களில் அது ஒரு பக்கம் இருக்கும். எங்கள் சாருடைய பட்டியலை அச்சடித்தால் புதுவாயல் வரை பாய் மாதிரி விரிக்கலாம். சம்பளச் சீட்டில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. அது அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

அவருடைய பயத்துக்கு மூலகாரணம் கோழி. நம் பக்கத்தில் பிராய்லர் கோழியைப் பாய்லர் கோழி என்றுதானே சொல்கிறோம்? நான் சேர்ந்த முதல் நாளே பொன்னேரியிலிருந்து ஒரு சமையல்காரர் கூப்பிட்டார்.

"பாய்லர் இன்னா ரேட்டுமா?"

"எவ்ளோ கெப்பாசிட்டி சார்?"

"ஒரு அம்பது கிலோ போதும்."

"எங்க கிட்ட குறைஞ்சதே அரை டன் சார்."

"அர டன்னா! காதுகுத்துமா, கட்சி மாநாடு இல்ல. சரி, தோலு உரிச்சுதானே குடுப்பீங்க?"

ஸ்பீக்கர் போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். நெகட்டிவ் சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "காதுகுத்துன்னா சொன்னான்? கல்யாணம், வளகாப்பு, கிடாவெட்டு எல்லாம் போட்டு வச்சிகிறேன்மா. காதுகுத்து உட்டுப்போச்சே!" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரை நோக்கி ஓடினார்.

காலையில் முதல் வேலையாக, முந்தின நாள் யார் யார் என்னென்ன தேடி எங்கள் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்ற அறிக்கையைத் திறப்பார். ஸ்கேன் ரிப்போர்ட் உறையைப் பிரிக்கிற நோயாளியின் முகம் அப்போது அவருக்கு. வேலை முடிந்து கிளம்பும்போது மவுஸை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டுவார். பல்லி மேலே ஓடிவிட்டால்? நான் ஒருநாள் ஆசைப்பட்டு என் போனில் எங்கள் விளம்பரத்தைத் தேடித் தொட்டுப் பார்த்தேன். மறுநாள் முகம் வெளுத்து வந்தார். "கும்மிடிப்பூண்டிலேருந்து ஒரு கிளிக் வந்துகீது. போட்டிக் கம்பெனிக்காரன் நம்மள நோட்டம் உடறாம்மா." உண்மையைச் சொல்லவும் பயமாக இருந்தது, சொல்லாமல் இருக்கவும் பயமாக இருந்தது. அந்த ஆபீசில் பயம் ஜலதோஷம் மாதிரி. ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வரும்.

முதலாளி நேர் எதிர். ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். எல்லாரையும் நைனா என்றே கூப்பிடுவார். "எல்லாருக்கும் காட்டு நைனா! இன்னாத்துக்கு பயந்து சாவுற?" என்பார். ஒருமுறை நெகட்டிவ் சார் மொட்டை போடத் திருத்தணிக்குப் போயிருந்த நேரம், முதலாளியே உட்கார்ந்து அந்தப் பட்டியலை மொத்தமாக நீக்கிவிட்டார். நாங்கள் நாஷ்டா முடித்துக் கை கழுவுவதற்குள் அன்றைய விளம்பரப் பணம் முழுவதும் கோழி வாங்குகிறவர்களிடம் போய்ச் சேர்ந்தது. எச்சரிக்கைச் செய்தி நெகட்டிவ் சாரின் போனுக்குப் போயிற்று. பாதித் தலையில் சந்தனமும் பாதித் தலையில் முடியுமாக அவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். மீதி முடி முருகனுக்கு அடுத்த மாதம்தான் போனது.

இதெல்லாம் சிரிக்கிற பயம். ஒரு திங்கட்கிழமை சிரிக்க முடியாத பயம் வந்தது.

அன்றைய அறிக்கையில் 'பாய்லர் வால்வு சத்தம்' என்று ஒரு தேடல். செவ்வாய்க்கிழமை, 'பாய்லர் வால்வு சத்தம் நிறுத்துவது எப்படி'. புதன்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். 'பாய்லர் சேஃப்டி வால்வு கட்டை வைத்து அடைக்கலாமா'. மூன்று நாளும் புதுவாயல் சுற்றுவட்டாரத்திலிருந்து.

பாய்லருக்குள் அழுத்தம் அளவுக்கு மீறினால் அந்த வால்வு தானாகத் திறந்து, அலறிக்கொண்டு நீராவியை வெளியே விடும். அதை அடைத்தால் பாய்லர் வெடிகுண்டு. இது போன் எடுக்கும் எனக்கே தெரியும்.

"யாருன்னு கண்டுபிடிக்க முடியாதா சார்?"

"ஊரு தெரியும், வார்த்த தெரியும். ஆளு தெரியாதும்மா." அந்த வரியை மறுபடி படித்தார். "எவனோ ஒருத்தன் பாய்லராண்ட நின்னுகினு நம்மள கேக்குறான். நாம பாய்லர் விலைய காட்டிகினு இருக்கோம்."

முதலாளி எட்டிப் பார்த்தார். "வால்வு சத்தம்னு தேடறவன் பாய்லர் வாங்க மாட்டான் நைனா. நெகட்டிவ்ல போடு, டப்பு மிச்சம்."

"போட மாட்டேன் சார்."

நெகட்டிவ் சார் எதையாவது நெகட்டிவில் போட மாட்டேன் என்று சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

சார் உடனே உட்கார்ந்து அந்த வட்டாரத்துக்கு மட்டும் ஒரு புது விளம்பரம் எழுதினார். தலைப்புக்கு இத்தனை எழுத்துதான் என்று ஒரு கணக்கு உண்டு. தமிழில் எழுதினால் மேலே வைக்கிற புள்ளிகூட ஓர் எழுத்தாக இடம் பிடிக்கும். அடித்து அடித்துத் திருத்தினார். கடைசியில் தேறியது: 'வால்வை அடைக்காதீங்க'. கீழே, 'உடனே பேசுங்க, இலவசம்' என்று எங்கள் ஆபீஸ் எண்.

அனுப்பியதும் திரையில் 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. அது மாறவே இல்லை. மதியம் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. வெளியே லாரி டயர் வெடித்தால்கூட எழுந்து நின்று வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்த்தார். நானும் பார்த்தேன். நான்கு மணிக்கு விளம்பரம் ஓடத் தொடங்கியது. அன்று ஒருவரும் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், நான் ரைஸ் மில்லுல பாய்லர் பாத்துக்குறேன். மேல ஒரு வால்வு கத்திக்கினே கீது. ஓனரு கட்டைய வச்சு அடின்றாரு. அடிக்கலாமா?" பின்னால் வால்வு அலறுவது எங்களுக்கே கேட்டது.

நெகட்டிவ் சார் போனைப் பிடுங்கினார். "அண்ணே, கட்டைய கீழ போடு! உமி தள்றத நிறுத்து. நெருப்ப அடக்கு. எல்லாரையும் கூட்டிக்கினு வெளிய வா."

"ஓனரு திட்டுவாரு சார்."

"என் பேர சொல்லு!"

"உங்க பேரு இன்னா சார்?"

சார் தன் பெயரை யோசித்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "எந்தப் பேராவது சொல்லுயா, வெளிய வா மொதல்ல!" என்று கத்தினார். மறுமுனையில் ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அலறல் மெல்ல மெல்லத் தணிந்து நின்றது. "வெளிய வந்துட்டோம் சார். ஏழு பேரும் வந்துட்டோம்" என்றது அந்தக் குரல்.

நெகட்டிவ் சார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் மெக்கானிக்குகள் மாலைக்குள் போய்ப் பார்த்தார்கள். அழுத்தம் காட்டும் மீட்டர் முள் ஒரே இடத்தில் சிக்கிக் கிடந்ததாம். உள்ளே ஏறியிருந்த அழுத்தம் வெளியே தெரியவே இல்லை. வால்வு ஒன்றுதான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மாதக் கடைசியில் முதலாளி சாரிடம் கேட்டார்: "அந்த விளம்பரத்தால எத்தினி பாய்லர் வித்துச்சு?"

"ஒண்ணும் விக்கல சார்."

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஓடட்டும் நைனா. நிறுத்தாத."

அதன்பிறகு நெகட்டிவ் சாருக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். தெளியவில்லை, கூடத்தான் செய்தது. இப்போது நான் திருவள்ளூரில் வேறு வேலையில் இருக்கிறேன். புயல் எச்சரிக்கை வந்தால் முதல் போன் அவருடையதுதான். "எம்மா, ஊட்டாண்ட தண்ணி ஏறலியே?" என்பார். இல்லை சார் என்றால் நம்ப மாட்டார், பத்து நிமிடத்தில் மறுபடி கூப்பிடுவார். மழை பெய்கிற நாட்களில் நான் போனை சார்ஜ் குறையாமல் வைத்திருப்பது அந்த இரண்டாவது அழைப்புக்காகத்தான்.