காதுகுத்துக்கு முன் மச்சானிடம் ஒரு வேண்டுதல்

வேங்கிக்கால்,
செவ்வாய்க்கிழமை

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் இராமலிங்கம் அவர்களுக்கு, உங்கள் தங்கை அருணாதேவியின் கணவன் கலையரசன் பணிவோடு எழுதுவது. அண்ணாமலையார் தயவில் இங்கே எல்லோருக்கும் உடம்பு சௌக்கியம். என் மனசுக்கு மட்டும் சௌக்கியம் இல்லை. கீழ்பென்னாத்தூரில் வீட்டில் அனைவரும் நலமா? இந்தப் போகம் மல்லாட்டைச் செடியில் கடலை நன்றாகக் காய்த்ததாமே, சந்தோஷம்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனை எடுத்தால் உங்கள் மருமகள் எழில் பிடுங்கிக்கொள்கிறாள். இரண்டரை வயதில் அவளுக்கு ஒரு வார்த்தை வாயில் ஏறிவிட்டது. அதை எழுத என் கை கூசுகிறது. குறுக்கே ஆடு ஓடினால் லாரிக்காரர் தலையை வெளியே நீட்டிச் சொல்வாரே, அதுதான். நாங்கள் குடியிருப்பது மெயின் ரோட்டோரம். அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

முதல் தடவை, அடுக்கி வைத்த டப்பா சரிந்தபோது சொன்னாள். நாங்கள் சிரித்துத் தொலைத்தோம். அதையும் ஒரு பாட்டு என்று நினைத்துக்கொண்டு வந்தவர் போனவருக்கெல்லாம் பாடிக்காட்டினாள். சொல்லாமல் இருந்தால் சாக்லேட் என்றேன், முதலில் சொல்லி, பிறகு நிறுத்தி, கையை நீட்டுகிறாள். சரி, சாமி பார்த்துக்கொள்வார் என்று பௌர்ணமியன்று தோளில் தூக்கிக்கொண்டு கிரிவலம் போனேன், ரமணாசிரமத்துக்கிட்ட கூட்டம் நெருக்க, மேலேயிருந்து கணீரென்று விட்டாள், எல்லோரும் என்னைப் பார்க்க, நான் 'அருணாசலா, அருணாசலா' என்று சத்தத்தைக் கூட்ட, பக்கத்தில் வந்த வெள்ளைக்கார அம்மாள் இதுவும் ஏதோ மந்திரம் என்று நினைத்து, கண்ணை மூடி, கைகூப்பி, அதையே திருப்பிச் சொன்னாங்க பாருங்க, நான் கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு ஓடியே வந்துட்டேன் மச்சான்.

குழந்தை டாக்டரிடம் ஓடினேன். "சிரிக்காதீங்க, திட்டாதீங்க. காதுலயே விழாத மாதிரி மூஞ்சிய வெச்சுக்குங்க, தானா மறந்துடும்" என்றார். அவர் ஸ்டெதாஸ்கோப் குழாயை எழில் நெஞ்சில் வைத்ததும், சில்லென்று இருந்ததோ என்னவோ, அவருக்கே ஒன்று கிடைத்தது. டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது.

வெள்ளிக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் என்ற முறையில் உங்கள் மடியில்தான் உட்காரப்போகிறாள். பத்தர் ஊசியை எடுப்பார். காதோ இரண்டு. சொந்தபந்தம் மொத்தமும் எதிரே, பக்கத்திலேயே மைக் செட். சொந்தத்தில் நடந்த போன கல்யாணத்தில் பேனரில் உங்கள் படத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டார்கள் என்று சீர்த் தாம்பாளத்தையெல்லாம் வண்டியில் திருப்பி ஏற்றியவர் நீங்கள். அந்த வீட்டு வாசலை இன்னும் மிதிக்கவில்லை. தப்பென்று சொல்லவில்லை, மரியாதை மரியாதைதான். ஆனால் அப்பா அம்மா இல்லாத அருணாவுக்குத் தாய்வீடு என்றால் நீங்கள் ஒருத்தர்தான். நீங்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டால் அவள் தாங்கமாட்டாள். எனக்கு அந்தப் பயம்தான், வேறொன்றும் இல்லை. எழில் ஏதாவது சொன்னால், பத்தரைச் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெஞ்சு எழுந்திருக்காதீங்க மச்சான். மூஞ்சிய மட்டும் கொஞ்சம் மரம் மாதிரி வெச்சுக்குங்க. இன்றைக்கே கண்ணாடி முன் பழக ஆரம்பித்தால் நல்லது.

உங்கள் குடும்பத்துக்கு ஆயுளையும் உங்களுக்குப் பொறுமையையும் உண்ணாமுலையம்மன் ஜாஸ்தியாகவே தரட்டும்.

வெள்ளிக்கிழமையை எண்ணியபடி,
கலையரசன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது அடுப்படியில் சத்தம். கையில் எண்ணெய் தெறித்து, அருணா அந்த வார்த்தையைச் சொன்னாள். முழுசாக, தெளிவாக, லாரிக்காரர் தோற்றார். எழில் மட்டும் சிரிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். "நீ எங்கே கத்துக்கிட்டே?" என்று அருணாவைக் கேட்டேன். "மல்லாட்டை மூட்டை கால்ல விழுந்தா எங்கண்ணன் சொல்லும்" என்றாள். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடச் சொல்கிறாள். அதற்குப் பதிலாக இதை எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறாள்: "எங்கண்ணன் எழுந்திரிச்சுப் போவட்டும், அந்த வார்த்தை யார் வீட்டுச் சீருன்னு மைக்ல சொல்றேன்." எனக்கு ஒன்றும் தெரியாது, மச்சான்.