கூடத்தில் மாட்டிய இங்கிலீஷ் கிராமம்

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம். நாடே சுதந்திரம் அடையும்போது நான் மட்டும் ஏன் அடையக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. கல்யாணமான நாள் முதல் எங்கள் மயிலாப்பூர் வீட்டில் நீரஜாவின் ஆட்சி. இனிமேல் சுப்பராமன் வார்த்தைதான் செல்லும் என்று தீர்மானித்தேன். முதல் காரியமாக, அவளைக் கேட்காமலே, அடையாற்றில் ஒரு துரை வீட்டு ஏலத்தில் பெரிய எண்ணெய்ச் சாயப் படம் ஒன்றை எடுத்துவந்து கூடத்தில் மாட்டினேன்.

"இதென்னன்னா, கூடத்துல மாட்டுக் கொட்டகை?"

"கொட்டகையா! விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலீஷ் கிராமம்டி. குடும்பம்னா எப்படி நடக்கணும்னு வரைஞ்சு வெச்சிருக்கான். தினம் பார்த்துக் கத்துக்கோ."

அவள் சண்டை போடவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். படத்தின் அருகில் போய் நின்றாள்.

"இவன் யாரு?"

"வீட்டு எஜமான்." எனக்கு மார்பு விரிந்தது.

"கையில?"

"வாளி. கிணத்துலேர்ந்து தண்ணி கொண்டு வரான்."

"இடுப்புல?"

"குழந்தை."

"நாற்காலியில உட்கார்ந்திருக்கறது?"

"அவன் பெண்டாட்டி."

"என்ன பண்றா?"

உற்றுப் பார்த்தேன். "பூனையைத் தடவிண்டிருக்கா."

"வேற?"

"வேற ஒண்ணும் பண்ணலை."

"சரி, கத்துக்கறேன்," என்றாள் பரம சாதுவாக.

மறுநாள் காலை காப்பிக்காகக் கூடத்துக்கு வந்தேன். என் சாய்வு நாற்காலியில் நீரஜா. பூனை இல்லாத குறைக்கு விசிறியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, அண்டாவுல தண்ணி இல்லை. வாளி கொல்லையில இருக்கு."

"நானா?"

"எஜமான் நீங்கதானே?"

இறைத்தேன். எங்கள் கடைக்குட்டி ஜானுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாளியோடு தள்ளாடி வந்தேன்.

"படத்துல குழந்தை இடது இடுப்புல இருக்கு," என்று திருத்தினாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜெயபாரதி உள்ளே வந்தாள். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீரஜா, சாயங்காலம் எங்காத்து மனுஷரை அழைச்சுண்டு வரேன். அவரும் ஒரு தடவை பார்க்கட்டும்."

பார்த்தார். அதற்கப்புறம் அந்த மனுஷர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். கொல்லைச் சுவருக்கு அப்பால் அவர் முறைக்கும்போதெல்லாம் அவர் கையிலும் ஒரு வாளி இருந்தது.

ஆனால் நான் லேசில் தோற்கிறவனா? படத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றி, லஸ் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருந்த ஹனீஃபாவிடம் கொண்டுபோனேன்.

"இன்னா சாமி, படம் சோக்கா கீது! இத்தப் போய் ஏன் குடுக்குறீங்க?"

"ஜன நெருக்கடி தாங்கலைப்பா. ஆளே இல்லாத படமா ஒண்ணு கொடு."

"ஆளே இல்லாத கிராமம் ஒண்ணு கீது சாமி. இதுவும் அதே துரைங்க ஊருதான். மாத்திக்கினு போங்க."

மாற்றிக்கொண்டேன். ஓட்டுக் குடிசை, வேலி, நாலு மரம். மனித வாடையே கிடையாது. எஜமான் இல்லை, பெண்டாட்டி இல்லை, பூனைகூட இல்லை. இதைப் பார்த்து எவளும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அதே ஆணியில் மாட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வெற்றி வீரனாக நின்றேன்.

நீரஜா வந்தாள். மூலைக்கு மூலை ஆராய்ந்தாள்.

"வாசல்ல ஒருத்தரையும் காணோமே?"

"ஒருத்தரும் கிடையாது. நன்னாப் பார்த்துக்கோ!"

"வாளியையும் காணோம்."

"அதுவும் கிடையாது!" தொடையைத் தட்டினேன்.

"எஜமான் அதை எடுத்துண்டு தண்ணிக்குப் போயாச்சு. நீங்க இன்னும் இங்கேயே நின்னுண்டிருக்கேளே!"